நாலா?

தாம்வே சந்தைக்குப் பின்னால்
மூன்றாவது மாடியில் இருக்கிறது
முதுகுவலிக்கு வைத்தியம்.
லிஃப்ட் கிடையாது.
ஐம்பத்தோரு படி.
ஏறி முடித்தவன் பாதி குணம் என்று கணக்கோ என்னவோ.

குப்புறப் படுக்கச் சொன்னாள் மா யமின்.
கட்டிலில் முகத்துக்கென்று ஓர் ஓட்டை.
அதன் வழியே தெரிந்தவை
அவளுடைய ரப்பர் செருப்பு,
ஒரு பாட்டில் மூடி.
கழுத்தின் இடப்பக்கம் கட்டைவிரலை ஊன்றி
"நாலா?" என்றாள்.

வலிக்கிறதா என்று பர்மியில் அர்த்தம்.
பிறந்தது முதல் பேசும் பாஷைதான்.
ஆனாலும் குப்புறக் கிடக்கையில்
காது வீட்டுப் பேச்சுக்குப் போய்விடுகிறது.
நாலா?
நாலெல்லாம் இல்லை தாயே, எட்டு.

"நாடே" என்றேன் வாய்விட்டு.
வலிக்கிறது என்று அதற்கு அர்த்தம்.
தமிழ்க் காதில் விழுந்தால்
வேறு பேச்சாகிவிடும்.
மெல்லத்தான் சொன்னேன்.

என்ன வேலை என்றாள்.
டாக்சி.
அதற்குமேல் அவள் கேட்கவில்லை.
நான் பிறப்பதற்கு முன்னே
இந்த நாட்டில் வண்டிகள் போகும் பக்கத்தை
ஒரே நாளில் இடமிருந்து வலத்துக்கு மாற்றினார்கள்.
ஸ்டியரிங்கை யாரும் மாற்றவில்லை.
ஜப்பான்காரன் ஓட்டிக் கழித்த ப்ரோபாக்ஸில்
நடைபாதை ஓரமாய் நான்.
முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்ட
காலி இருக்கைமேல் இடுப்பைச் சாய்த்து
கொக்கு மாதிரி கழுத்தை நீட்டி
எதிரே எமன் வருகிறானா என்று பார்க்க வேண்டும்.
ஒரு நாளைக்கு முந்நூறு தடவை.
இருபத்திரண்டு வருஷம்.

நடுவில் சில வருஷம் நீட்டவில்லை.
அந்த இருக்கையில் குணாளன் இருந்தான்.
பள்ளிக்கூடம் விட்ட கோடையில்
பகோ சவாரிக்கு வருவான்.
"லாரிப்பா, வேணாம்."
"இரு... இரு... இப்பப் போ."
என் கால் அவன் கண்ணை நம்பி அழுத்தும்.
இப்போது கிள்ளானில்
கையுறைத் தொழிற்சாலையில் இருக்கிறான்.
இதை மா யமினிடம் சொல்லவில்லை.
எக்ஸ்ரேயில் வந்திருந்தால் அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

கரண்ட் மெஷினின் ஒட்டுகளை முதுகில் பதித்தாள்.
எறும்பு ஊர்ந்தது, பிறகு கடித்தது.
ஏழாவது நிமிஷம் மின்சாரம் போனது.
ஃபேன் நின்றது. எறும்புகள் நின்றன.
திரைக்கு அந்தப்பக்கம் முனகிக்கொண்டிருந்த
வெங்காய வியாபாரியும் நிறுத்தினார்.
இருட்டில் அவள் கை மட்டும்
மெஷின் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது.

வீட்டுப்பாடம் கொடுத்தாள்.
மோவாயைப் பின்னுக்கு இழு, ஐந்து எண்ணு, விடு.
சிவப்பு விளக்குதோறும் பத்து முறை.
அப்புறம் தலையை வலப்பக்கம் திருப்பு.
வலப்பக்கமா? அங்கே என்ன இருக்கிறது?
"எனக்கெப்படித் தெரியும்?
நீங்கதானே பார்க்கணும்."

சூலே அருகே நின்ற சிவப்பில்
மோவாயை இழுத்து விட்டேன்.
பேரம் பேசிக்கொண்டிருந்த பின்சீட்டு அம்மாள்
தலையாட்டிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டாள்.
ஐந்நூறு கியாட் நஷ்டம்.

சரி, போகட்டும் என்று
வலப்பக்கம் திருப்பினேன்.
துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம், எனக்கு மட்டும்.
கை நீட்டினால் தொடலாம்,
அவ்வளவு பக்கத்தில்
குட்டை பிளாஸ்டிக் முக்காலியில் ஒருவன்
மொஹிங்கா குடித்துக்கொண்டிருந்தான்.
கிண்ணத்துக்குமேல் என்னைப் பார்த்தான்.
இத்தனை காலமும் இவனுக்கு
என் பின்னந்தலையைத்தான் காட்டியிருக்கிறேன்.
விளக்கு பச்சையானது.
பின்னாலிருப்பவன் ஹாரன் அடிக்கிறவரை
நான் போகவில்லை.

ஆறாவது தடவை
ஐம்பத்தோரு படியில் இரண்டு இடத்தில்தான் நின்றேன்.
அதே ஓட்டை. அதே செருப்பு.
பாட்டில் மூடியை யாரோ பெருக்கியிருந்தார்கள்.
கட்டைவிரலை ஊன்றினாள்.
"நாலா?"
அவசரப்படாமல் யோசித்தேன்.
"நாலுதான்" என்றேன், தமிழில்.
அவளுக்குப் புரியவில்லை.
விரலை ஓர் எலும்பு கீழே நகர்த்தி
மறுபடி கேட்டாள்.